மூடியால் அளந்த சோடா

அந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, நான். இல்லாதவர் அப்பா. அவர் புல்மோட்டைக் கரையில் ஒரு வாடிக் கொட்டிலில் தங்கி வலை இழுத்துக்கொண்டிருந்தார். மாதத்தில் ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கி, படுத்து எழும்பி, போய்விடுவார். சித்தப்பாவை இருந்தவர் என்றும் சொல்ல முடியாது, இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவார், ஒரு பிளேன்ரீ குடிப்பார், போவார். ஆனால் எல்லாம் தொடங்கியது அவர் கொண்டுவந்த பெட்டியில்தான்.

இன்னொன்றும் இல்லை: நல்ல தண்ணீர். எங்கள் சல்லி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேற்கேயிருந்து காற்று சுடச்சுட அடிக்கத் தொடங்கினால் எங்கள் ஒழுங்கைக் கிணறுகள் எல்லாம் உவர்த்துவிடும். தேநீரில் உப்பு, சோற்றில் உப்பு, குளித்துவிட்டு வந்தால் தோலில் உப்பு. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒழுங்கை முகப்பில் தண்ணீர்ப் பவுசர் வந்து நிற்கும். வீட்டுக்கு இரண்டு குடம். அந்தத் தண்ணீரிலும் குளோரின் மணம். குடித்தால் தொண்டையில் ஒரு கசப்பு நிற்கும். நீங்கள் எல்லாரும் அதைக் குடித்து வளர்ந்தவர்கள். இப்போது உங்களில் சிலர் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளின் கையில் உறிஞ்சுகுழாய் செருகிய இனிப்புப் பானப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கோயில் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் ஊருக்கு வந்தபோது கண்டேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சித்தப்பா சோடா லொறியில் ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை தோளில் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே பன்னிரண்டு பெரிய போத்தல். தோடம்பழ நிறம். வெயிலில் பிடித்தால் வீட்டுச் சுவரில் அந்த நிறம் ஆடும்.

"அண்ணி, இது கடைக்குக் குடுக்க ஏலாத சாமான். போத்தல் நசுங்கினது, லேபிள் கிழிஞ்சது. முதலாளி கொண்டுபோ எண்டிட்டார். பிள்ளையளுக்குக் குடுங்கோ."

"பழுதில்லைத்தானே?"

"உள்ளுக்க ஒரு பிழையும் இல்லை. வெளிவடிவுதான் இல்லை. என்னைப் போல."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது அவள் சிரித்தால் மேல்வரிசைப் பல் முழுவதும் தெரியும். அகலமான, நெருக்கமான, ஒன்றோடொன்று ஒட்டி நின்ற பற்கள். அவளுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. எங்கள் பரம்பரையில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் எவரும் இல்லை. அக்கா எட்டாம் வகுப்பில் முதலாவதாக நின்றாள். அதைவிட, அவளுக்குப் பேச்சு வரும். மீன் ஏலம் கூறுகிறவரையே மறித்துக் கேள்வி கேட்பாள். தமிழ் ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "இவளை மறிச்சுப்போடாதேங்கோ. வலயப் போட்டிக்கு மட்டுமில்லை, இவள் கோட்டில நிண்டு கதைக்கவேண்டிய பிள்ளை" என்று சொல்லியிருந்தார். கோடு என்றால் நீதிமன்றம் என்பதை அம்மா இரண்டு நாள் கழித்துத்தான் அக்காவிடம் கேட்டு அறிந்தார். கேட்ட பிறகு சந்தைக்குப் போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் இருந்த ஒரே முதல் அந்த வாய்தான். அந்த வாயைத்தான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து, மிகுந்த கவனத்தோடு, கெடுத்தோம்.

கவனம் என்று சொன்னதைக் கவனியுங்கள். அம்மா செல்லம் கொடுத்துக் கெடுக்கவில்லை. அவர் நினைத்தது இதுதான்: ஒரேயடியாகக் குடிக்கவிட்டால் அவ்வளவு சீனியும் ஒரேயடியாக உடம்புக்குள் போய்விடும், சளி பிடிக்கும், பூச்சி வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் கெடுதலும் கொஞ்சம், பெட்டியும் நாள்பிடிக்கும். கேட்டால் எவருக்கும் நியாயமாகத்தான் படும். எனக்கும் பதினொரு வருஷம் நியாயமாகத்தான் பட்டது.

அவர் கண்டுபிடித்த அளவை, போத்தல் மூடி. செம்மஞ்சள் நிறம், ஓரத்தில் பல் பல்லாகக் கோடு. தண்ணீர்க் குடத்தடி ஈரமணலில் போத்தலைக் கழுத்துவரை புதைத்து வைத்திருப்பார். தாகம் என்று போனால் ஒரு மூடி. வீட்டுப்பாடம் முடித்தால் ஒரு மூடி. பவுசரடியிலிருந்து குடம் தூக்கி வந்தால் ஒரு மூடி. வெயிலில் விளையாடிவிட்டு வந்தால், திட்டிவிட்டு, ஒரு மூடி. பள்ளிக்கூட விடுமுறை நாளில் பதினைந்து, இருபது தரம் போவோம். இரண்டாம் நாளே காஸ் போய்விடும்; பாகு மாதிரி நாக்கில் ஒட்டும். அதற்கு மேல் தண்ணீர் குடிக்கவும் விடமாட்டார். "இனிப்பை வாங்கிப்போட்டு உடன கழுவுறியோ? தண்ணியும் வீண், இனிப்பும் வீண்."

ஒரு மூடி என்பது என்ன? வாய்க்குள் போன உடனே இல்லாமல் போய்விடும். அதனால் அக்கா ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். விழுங்காமல் யார் கனநேரம் வாய்க்குள் வைத்திருக்கிறது. நான் கடைவாயில் ஒதுக்கி வைப்பேன். பத்துப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் தானாக இறங்கிவிடும். அக்கா உதட்டை இறுக்கி மூடி, முன்பல்லுக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் தேக்கி வைத்துக்கொண்டு, கண்ணால் சிரித்தபடி நிற்பாள். எண்ணுவது என் வேலை. எழுபது, எண்பது. ஒருமுறை நூற்றைத் தாண்டினாள். அவள் வெல்லட்டும் என்று நான் வேகமாக எண்ணவில்லை; தோற்கட்டும் என்று மெதுவாக எண்ணினேன். அவள் அதற்கும் சேர்த்துத் தேக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

வேலிக்கு அடுத்த பக்கத்தில் மாமி வீடு. மாமிக்கு இரண்டு பெடியள். சித்தப்பா அவர்களுக்கும் நாலு போத்தல் கொடுத்தார். அந்தப் பெடியள் ஆளுக்கொரு போத்தலைத் தூக்கி, அண்ணாந்து, மூச்சுவிடாமல் குடித்து, ஏப்பம் விட்டு, போத்தலைக் கால்பந்தாக உதைத்துக்கொண்டு கடலுக்கு ஓடிவிட்டார்கள். இரண்டு நாளில் நாலும் காலி. பிறகு அந்த மாதம் முழுக்கப் பவுசர் தண்ணீர்தான்.

"பாத்தியளே, காணாததைக் கண்ட மாதிரி" என்றார் அம்மா வேலியைப் பார்த்து. "உதுகளுக்குப் பல்லு முழுக்கக் கொட்டப்போகுது."

மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "என்ன மச்சாள், என்ர பெடியளின்ர பல்லைப் பற்றியோ கதை?"

"இல்லை மச்சாள். ஒரேயடியாக் குடிச்சால் கூடாதெண்டு சொன்னனான்."

"நான் வைச்சால் என்ன, அவங்கள் எடுக்காமல் விடுவாங்களோ? முடிஞ்சால் எனக்கு நிம்மதி."

மாமிக்கு ஒழுங்கில்லை, கட்டுப்பாடில்லை, வீடு கூட்டமாட்டார் என்பதெல்லாம் அம்மாவின் நீண்டநாள் முறைப்பாடு. அது எல்லாம் உண்மைதான். இன்றைக்கு அந்தப் பெடியள் இரண்டு பேரும் கரும்பைப் பல்லால் உரிக்கிறார்கள்.

அம்மா அதோடு நிற்கவில்லை. இனிப்புக் குடித்தால் பல்லைத் தீட்ட வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருந்தார். அதனால் காலையிலும் மத்தியானமும் பின்னேரமும், கடைசி மூடி வாயை விட்டு இறங்கிய உடனே, சிரட்டைக்கரியையும் உப்பையும் இடித்து வைத்த தகரப் பேணியை நீட்டுவார். "நல்லா உரஞ்சு பிள்ளை. வலிக்க வலிக்க உரஞ்சு." அக்கா சொல் கேட்கிறவள். உரஞ்சுவாள். நான் கரியை உதட்டில் பூசிக்கொண்டு ஓடிவிடுவேன். என் முன்பல் இன்றைக்கும் இருப்பதற்கு என் கள்ளத்தனமும் ஒரு காரணம். இதை நினைக்கும்போது வருகிற எரிச்சலை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது?

ஆடி மாதமளவில் அக்காவின் முன்பற்களில், முரசு என்கிற ஈறை ஒட்டி, வெள்ளை வெள்ளையாகத் திட்டுக்கள் தெரிந்தன. சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல, மினுக்கம் இல்லாத வெள்ளை. அம்மா அவளை வாசலுக்குக் கூட்டிவந்து, நாடியைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பி, சந்தோஷப்பட்டார்.

"பார், கரிக்குப் பல்லு எப்பிடி வெளுக்குது!"

அந்தத் திட்டுத்தான் முதல் அறிகுறி என்பதும், பல்லுக்குள் இருந்த சுண்ணாம்புச் சத்துக் கரைந்து வெளியேறுகிற இடம் அது என்பதும், ஓட்டை விழாத அந்தக் கட்டத்தில் இனிப்பை நிறுத்தி எச்சிலைத் தன் வேலையைச் செய்ய விட்டிருந்தால் பல் திரும்பவும் இறுகியிருக்கலாம் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது. பிறகு என்றால், ஒன்றுக்கும் உதவாத பிறகு.

அப்போதும் ஒருவர் தடுத்திருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்கிற மிஸ் வந்தார். நாங்கள் 'பல்லு மிஸ்' என்போம். சின்ன வட்டக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்ப்பார். அக்காவின் வாயைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். அம்மா நல்ல சேலை உடுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"பிள்ளைக்குச் சோடா, ஐஸ்பழம் எல்லாம் குடுக்கிறனீங்களோ?"

"சோடா குடுக்கிறனான் மிஸ். பொய் சொல்ல ஏலாது."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ஐயோ, எவ்வளவு எண்டு சொல்ல என்ன இருக்கு? ஒரு போத்தல், ரெண்டு பிள்ளையளுக்கும் ஒரு கிழமைக்குக் காணும்."

மிஸ் கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "அது பெரிசா இல்லை" என்றார். "எண்டாலும் குறையுங்கோ. பல்லை வடிவாத் தீட்டச் சொல்லுங்கோ. அடுத்த தவணை வந்து பாக்கிறன்."

எவ்வளவு என்று கேட்டார். எத்தனை தரம் என்று கேட்கவில்லை. அம்மா ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்; அக்கா நூறு வரை தேக்கி வைப்பாள் என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தோளில் நுள்ளினார். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே போகக்கூடாது. வழி முழுக்க அம்மாவுக்கு நல்ல உற்சாகம். "பாத்தியோ, அது பெரிசா இல்லையாம். நான் அளந்து குடுத்தபடியால்தான்." அன்றிலிருந்து கரிப்பேணி நாளைக்கு நாலு தரம் வந்தது. அடுத்த தவணை மிஸ் வரவில்லை. மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள்.

வெள்ளை மண்ணிறமாகியது. மண்ணிறம் விளிம்பில் கறுத்தது. மாரியில் கிணறு நன்னீரான பிறகும் மூடி நிற்கவில்லை. சித்தப்பா ஒவ்வொரு மாதமும் நசுங்கின போத்தலோடு வந்துகொண்டேயிருந்தார், நாங்களும் பழகிவிட்டோம். அடுத்த வருஷம் வைகாசியில் வலயப் பேச்சுப்போட்டி. திருகோணமலை நகரத்தில், பெரிய மண்டபத்தில். அன்று விடிய அக்கா பாண்ரொட்டியைத் தேநீரில் தோய்க்காமல் கடித்தாள். பாண் ஓரம். அவ்வளவுதான். சின்னச் சத்தம். கையை வாய்க்குக் கீழே பிடித்தாள். முன்பல்லில் பாதி உள்ளங்கையில் இருந்தது. அவள் அழவில்லை. அதைக் கடுதாசித் துண்டில் சுற்றிச் சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றாள்.

மேடையில் ஏறினாள். வணக்கம் சொன்னாள். 'ச'வும் 'த'வும் காற்றாகப் போயின. உடனே இடக்கை வாய்க்கு மேலே வந்துவிட்டது. அந்தக் கைக்குப் பின்னாலிருந்து இரண்டு, மூன்று வசனம் பேசினாள். முன்வரிசையில் இருந்த நடுவர் அன்பாகத்தான் சொன்னார்: "கையை எடுத்திட்டுக் கதையுங்கோ பிள்ளை. கேக்கேல்லை."

அவள் கையை எடுக்கவில்லை. மேடையை விட்டு இறங்கினாள்.

வகுப்பில் அவளைப் 'பொக்கை' என்றார்கள். என் வாங்கில் இருந்தவர்களிலும் இரண்டு பேர் சொன்னீர்கள், பெயர் வேண்டாம். முதலில் மறுமொழி சொல்லிப் பார்த்தாள். மறுமொழி சொல்ல வாய் திறக்க வேண்டும். பிறகு விட்டுவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு இரண்டாம் தவணையில் வயிற்றுக்குத்து என்று பள்ளிக்கூடம் போகாமல் நின்றாள், பிறகு தலையிடி, பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். அப்பா புல்மோட்டையிலிருந்து வந்து, "பொம்பிளைப் பிள்ளைதானே, வீட்டில நிக்கட்டும்" என்றார். அம்மா மட்டும் ஒரு கிழமை சோறு தின்னாமல் சண்டை பிடித்தார். தமிழ் ரீச்சர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார். அக்கா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவன் என்று ஊர் என்னைச் சொல்லும்போது நான் தலையாட்டிவிட்டு நகர்கிறேன். அந்தப் பேர் என்னுடையதல்ல. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் விலகியதால் எனக்கு வந்தது.

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷம், உயிரியல் செய்முறை வகுப்பு. மெழுகுத்துண்டைச் சப்பி எச்சிலைக் குழாயில் சேர்க்கச் சொன்னார்கள். நிறம் மாறும் தாளைத் தோய்த்தோம்: பச்சை. பிறகு ஒரு மடக்குச் சோடா. திரும்பத் தோய்த்தால் மஞ்சள். பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தோய்த்துக்கொண்டு இருக்க வேண்டும். மஞ்சள் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பியது. எச்சில் வெறும் ஈரம் இல்லை, அது புளிப்பைக் கழுவி ஆற்றி, கரைந்ததைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்று வகுப்பெடுத்த சேர் விளங்கப்படுத்தினார். பல்லில் ஒட்டின அழுக்குக்குக் கீழே நடப்பது இந்தத் தாளில் தெரியாது, அங்கே ஆற இன்னும் நேரம் பிடிக்கும், அரை மணி, அதற்கு மேலும் என்றார். அதுவரை பல் இளகி நிற்கும். அந்த நேரத்தில் உரஞ்சவும் கூடாது.

நான் கை உயர்த்தினேன். "சேர், அது ஆறுறதுக்கு முந்தி இன்னொரு வாய் குடிச்சால்?"

"திரும்ப முதலில இருந்து தொடங்கும்."

"ஒரு மூடி அளவுதான் எண்டால்?"

"அளவு பெரிய விஷயமில்லை தம்பி. எத்தனை தரம் எண்டதுதான் விஷயம்."

"அப்ப விடிஞ்சதிலயிருந்து பொழுதுபடும்வரைக்கும் மூடி மூடியாக் குடிச்சால்?"

சேர் சிரித்தார். "அப்பிடி ஆரப்பா குடிக்கிறது?"

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, குழாயைக் கழுவப் போவதுபோல வெளியே போய் நின்றேன்.

அந்தத் தாளில் ஒரு சின்னக் கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன மாதம் ஊருக்கு வந்தேன். பின்னேரம். அம்மா வாசலில் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். அக்காவின் மகளுக்கு மூன்றரை வயது. கழுத்தில் ஒரு உறிஞ்சிப் போத்தலைக் கொழுவிக்கொண்டு முற்றத்தில் ஓடித்திரிந்தாள். உள்ளே ரோஸ் நிறத் தண்ணீர். ஓடுவாள், நின்று ஒரு உறிஞ்சு, திரும்ப ஓடுவாள்.

"அக்கா, அது என்ன?"

"சோடா இல்லை." அக்கா கையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டே சொன்னாள். "சோடா இந்த வீட்டுக்கு ஆகாது எண்டு எனக்குத் தெரியாதோ? இது பழப்பாகு. அதுவும் நல்லாத் தண்ணி கலந்தது. ஒரு போத்தல் நாள் முழுக்கக் காணும்."

"அதுதான் பிழை! நாள் முழுக்கக் காணும் எண்டதுதான் பிழை!"

"கத்தாதை. பிள்ளை பயப்பிடுது."

"படிச்சவர் வந்திட்டார்" என்றார் அம்மா மீனைப் பார்த்தபடி. "வந்து கால் வைக்க முந்தியே வகுப்பு."

நான் தாளை எடுத்தேன். குந்தி இருந்து, என் எச்சிலில் தோய்த்துக் காட்டினேன், பச்சை. பிள்ளையின் போத்தலில் ஒரு வாய் உறிஞ்சித் தோய்த்தேன், மஞ்சள். நேரத்தைப் பார்த்துக்கொண்டு, மூன்றாவது தாள், நாலாவது தாள். அது பச்சைக்குத் திரும்புகிற நேரம் பார்த்து இன்னொரு வாய் குடித்தேன். திரும்ப மஞ்சள். தாள்களை வாசல்படியில் வரிசையாக வைத்தேன். பிள்ளை அதில் இரண்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

அக்கா கனநேரம் அந்த வரிசையைப் பார்த்தாள். வகுப்பில் முதலாவதாக நின்றவள். நான் சொல்லி முடிக்கவே தேவைப்படவில்லை.

"அப்ப" என்றாள், "மாமியின்ர பெடியள் மாதிரி ஒரே இழுவையில குடிச்சிட்டுப் போயிருந்தால்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். இதைத்தான் நான் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் யோசித்தேன், இதைச் சொல்லாமல் பிள்ளையின் போத்தலைப் பற்றிச் சொல்ல வழியிருக்கிறதா என்று. இல்லை. முற்றத்தில் பிள்ளை திரும்பவும் போத்தலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"பல்லு இருந்திருக்கும்" என்றேன். "அதுவும் நல்லதில்லைத்தான். ஆனால் உன்ர முன்பல்லு இருந்திருக்கும்."

அம்மாவின் கத்தி நின்றது.

"நான் பாத்துப் பாத்துத்தானே குடுத்தனான்" என்றார். "ஒரு நாளும் கூடக் குடுக்கேல்லை. ஒரு சொட்டுக் கூடக் குடுக்கேல்லை."

"ஓம் அம்மா" என்றாள் அக்கா. எழும்பிப் போய்ப் பிள்ளையின் கழுத்திலிருந்து போத்தலைக் கழற்றினாள். பிள்ளை வீரிட்டு அழுதது. அக்கா அதை அழவிட்டு, போத்தலை வேலியோரம் கவிழ்த்தாள். ரோஸ் நிறம் மணலில் உடனே இறங்கிவிட்டது. பிறகு குடத்திலிருந்து தண்ணீர் வார்த்து நிரப்பிக் கொடுத்தாள். பிள்ளை ஒரு வாய் குடித்துத் துப்பியது. அக்கா இன்னொரு தரம் கொடுத்தாள்.

அம்மா கையைக் கழுவவில்லை. மீன் செதிள் ஒட்டிய விரல்களை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எத்தினை போச்சு?"

"என்னம்மா?"

"ரெண்டு பேருக்கும் சேத்து. எத்தினை புடுங்கினது?"

"விடுங்கோ அம்மா, இப்ப அது எதுக்கு?"

"சொல்லு."

அக்கா திரும்பி நின்று, மேல்வரிசைக்குக் கட்டியிருந்த பூட்டுப்பல்லைக் கழற்றி, நாக்கால் தடவிப் பார்த்தாள். எங்களுக்கு முன்னால் அவள் அதைக் கழற்றியதை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. வாயை மூடக் கை வரவில்லை.

"மேல ஆறு" என்றாள்.

"எனக்குக் கடைவாயில மூண்டு" என்றேன்.

அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். கூட்டுவதற்கு விரல் தேவைப்படாது.

"ஒம்பது" என்றார்.